ஜாக்கி உள்ளே போன இடத்திலிருந்து: ஒரு லான்சியா ஃபுல்வியாவின் மூன்று வருடப் பட்டறைக் குறிப்பு

கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகட்டில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நாலு சுற்று சுற்றினேன். கார் எழும்பவில்லை. தகடு நொறுங்கி ஜாக்கிதான் உள்ளே ஏறியது. அப்பளத்தைக் கையால் நொறுக்கினால் வருமே, அந்தச் சத்தம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் செம்மண் கொட்டியது போல ஒரு குவியல். அது மண் இல்லை, ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரும்பாக இருந்தது.

2021 வசந்த காலம், இத்தாலியின் டுரின் நகரத்தின் விளிம்பில் நான் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன ஷெட். காருக்குக் காசு கொடுத்து, பெயர் மாற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மூன்றாவது நாள். பக்கத்து ஷெட்டில் இருந்த பெரியவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். எண்பதைத் தொடும் வயது. வேலை செய்த காலம் முழுக்க டிங்கரிங் வேலைதான். அந்தத் தொழிலை இங்கே லத்தோனியேரே என்பார்கள். காரைச் சுற்றி வந்தார், மண்டி போட்டார், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடிப்பகுதி முழுக்கத் தட்டித் தட்டிக் கேட்டார். சில இடத்தில் டங் என்றது. பல இடத்தில் தப் என்றது. தப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். முடித்தபோது முப்பத்தொரு வட்டம்.

"இதை வாங்குவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். அப்புறம், "சரி, வாங்கிவிட்டாய். எந்த நாளில் ஆரம்பிக்கிறோம்?" என்றார். அந்த 'றோம்'தான் இந்தக் காரைக் காப்பாற்றியது.

என்ன கார் இது

1971-ஆம் வருட லான்சியா ஃபுல்வியா கூப்பே, அதாவது இரண்டு கதவு கார், 1.3 எஸ், இரண்டாம் வரிசை. 1,298 சிசி, 90 குதிரைத்திறன், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். டுரினுக்கு வடகிழக்கே உள்ள கிவாஸ்ஸோ ஆலையில் செய்தது. அடர்நீலம். டுரினின் இரண்டெழுத்து போட்ட பழைய கறுப்பு எண்பலகை அப்படியே இருந்தது. கிவாஸ்ஸோ பக்கம் ஒரு பண்ணைவீட்டுக் கொட்டகையில் 1993 முதல் அசையாமல் நின்ற கார் இது. அதாவது, பிறந்த ஆலைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறது.

பெயர், பழைய ரோமானியச் சாலை ஒன்றிலிருந்து வந்தது. தொர்தோனாவிலிருந்து டுரின் வரை போன வழிக்கு வியா ஃபுல்வியா என்று பெயர். முதலில் 1963-ல் சதுரமான குடும்பக் கார் வந்தது. அதன் தொழில்நுட்பத்துக்குத் தலைமை தாங்கியவர் அந்தோனியோ ஃபெஸ்ஸியா. 1965-ல் அதே இயந்திரத்தின் மேல் பியெரோ கஸ்தாஞ்ஞேரோ இந்தக் கூப்பேயை வரைந்தார். குடும்பக் காரின் சக்கர இடைவெளியான 2,480 மி.மீட்டரை 2,330 மி.மீட்டராகக் குறைத்து, மெலிந்த தூண்கள், நாலு பக்கமும் கண்ணாடி, படகு போன்ற பின்பக்கம். ரீவா மோட்டார் படகுகள் அவர் மனதில் இருந்தன என்று சொல்வார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எனக்கும் அது படகாகத்தான் தெரிகிறது.

சரி, இது அரிய காரா? நண்பர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. எண்ணிக்கையைச் சொன்னால் ஏமாந்து போவார்கள். 1976 வரை கூப்பே மட்டும் சுமார் 1,40,000 செய்திருக்கிறார்கள். எல்லோரும் தேடும் ஃபுல்வியா வேறு: ராலிக்கான வகையான 1.6 எச்எஃப், முதல் வரிசை. உள்பக்க முகப்பு விளக்கு இரண்டும் பெரிதாக இருப்பதால் அதை இத்தாலியர்கள் ஃபனலோனே, பெரிய விளக்குக்காரன், என்று அழைப்பார்கள். அது 1,300-க்கும் குறைவாகவே செய்யப்பட்டது. 1972 ஜனவரியில் சாந்த்ரோ முனாரியும் மாரியோ மன்னுச்சியும் 14-ஆம் எண் ஃபுல்வியாவில் மோன்டே கார்லோ ராலியை ஜெயித்தார்கள். ஆல்பைனையும் போர்ஷேயையும் இந்தச் சின்ன முன்சக்கர இயக்கக் கார் முந்தியது. அந்த வருடத்து உற்பத்தியாளர் பட்டமும் லான்சியாவுக்கே. அதற்கு முன்பே 1969-லும் 1970-லும் இங்கிலாந்தின் ஆர்ஏசி ராலியை ஹாரி ஷெல்ஸ்ட்ராம் இதே ஃபுல்வியாவில் ஜெயித்திருந்தார்.

அந்த வெற்றிதான் சாதாரண ஃபுல்வியாவுக்குக் கெடுதலாகவும் ஆனது. ஃபனலோனேயின் விலை ஏற ஏற, 1.3 கார்களை வாங்கி, பானெட்டுக்குக் கறுப்பு அடித்து, எச்எஃப் கார்களின் அடையாளமான சின்ன யானை முத்திரை ஒட்டி, எச்எஃப் மாதிரி ஆக்கும் வழக்கம் வந்தது. இன்னும் பல கார்கள் உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்பட்டன. கதவு ஒருவருக்கு, கியர்பெட்டி இன்னொருவருக்கு. அதற்கு மேல் துரு. அதற்கும் மேல் 1997-ல், பத்து வயது தாண்டிய காரை நொறுக்கக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் மானியம் என்று இத்தாலிய அரசு அறிவித்தது. எத்தனையோ கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்த கார்கள் அந்த வருடம் வெளியே இழுக்கப்பட்டு நேராக நொறுக்கும் இடத்துக்குப் போயின. என்னுடைய கார் தப்பியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கொட்டகைக் கதவுக்கு முன்னால் குளிர்காலத்துக்கான விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். அதை நகர்த்த யாருக்கும் நேரமில்லை. அந்த வீட்டு மகள்தான் இதைச் சொன்னார்.

ஆக, யாரும் பூட்டிப் பாதுகாக்காத, யாரும் படம் எடுத்து வைக்காத சாதாரண 1.3 எஸ், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடுவது இப்போது குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு அதுதான் வேண்டும். யானை முத்திரை வேண்டாம், கறுப்பு பானெட் வேண்டாம். 1971-ல் டுரினில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரோ கணக்காளரோ தவணையில் வாங்கியிருக்கக்கூடிய காராகவே இது திரும்ப ஓட வேண்டும்.

சப்ஃப்ரேம்

ஃபுல்வியாவை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் என்ஜின் இல்லை, பெயின்ட் இல்லை. முன்பக்க சப்ஃப்ரேமின் பின்முனை காரின் தரைத்தகட்டோடு சேருகிற இடம். என்ஜின், கியர்பெட்டி, முன் சஸ்பென்ஷன், குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், இத்தனையும் ஒரே சட்டத்தில் தொங்குகின்றன. அந்தச் சட்டத்தைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் இடம் துருப்பிடித்தால், வெளியே பளபளவென்று இருக்கும் கார்கூட உள்ளுக்குள் இரண்டு துண்டாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கால் வைக்கும் தரையின் கம்பளத்தைத் தூக்கி, தார் பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் கம்பளத்தைத் தூக்கினேன். சுரண்டவில்லை.

சட்டம் தனியாகக் கழலும் என்பதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. என்ஜினை மேலே தூக்க வேண்டியதில்லை, காரின் உடலை மேலே தூக்கிவிட்டு மொத்த முன்பக்கத்தையும் கீழே உருட்டி எடுத்துவிடலாம். ரேடியேட்டர் குழாய், ஒயர், பிரேக் குழாய், சைலன்ஸர், கியர் இணைப்பு, ஸ்டீயரிங் இணைப்பு, பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் துணி நாடா கட்டி எண் போட்டோம். படமும் எடுத்தேன். ஆனால் கடைசியில் உதவியது நாடாதான். படத்தில் எல்லா ஒயரும் ஒரே அழுக்கு நிறம்.

இடப்பக்கப் பின் போல்ட் ஒரே நாளில் வந்தது. வலப்பக்கத்துக்கு ஒன்பது நாள். தினமும் சாயங்காலம் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுவோம், மறுநாள் கொஞ்சம் சூடு காட்டுவோம், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. நான் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுக்கப் போனபோது பெரியவர் கையைப் பிடித்தார். "போல்ட் உடைந்தால் புதுசு வாங்கலாம். அது பிடித்திருக்கிற தகடு கிழிந்தால் எங்கே பிடித்திருந்தது என்பதே தெரியாமல் போகும்" என்றார். அந்த இடத்தின் அளவு எங்களிடம் எந்தக் காகிதத்திலும் இல்லை. துருப்பிடித்த தகடுதான் எங்களுக்கு வரைபடம்.

வெட்டுவதற்கு முன்னால்

கதவடிப் பெட்டியை வெட்டுவதற்கு முன்னால் கதவு இருந்த வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து உடலை இறுக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை வெட்டியவுடன் நடுவில் தொய்ந்துவிடும். இதை எல்லோரும் சொல்வார்கள், நானும் படித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பெரியவர் ஊரில் இல்லாதபோது இரண்டு பக்கமும் குழாய் வைத்துப் பற்றவைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தவர் குழாயைப் பார்க்கவே இல்லை. கழற்றி வைத்திருந்த கதவைத் தூக்கச் சொன்னார். கீலில் மாட்டி மெதுவாகச் சாத்தினோம். கதவின் பின் விளிம்புக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 7 மி.மீ. அப்போதுதான் புரிந்தது. பெட்டி ஏற்கெனவே உளுத்துப்போய், கார் இருபத்தெட்டு வருடம் நின்ற இடத்திலேயே தொய்ந்திருக்கிறது. தொய்ந்த நிலையிலேயே நான் குழாய் வைத்து இறுக்கிவிட்டேன். அப்படியே புதுத் தகடு வைத்து முடித்திருந்தால் அந்தக் கோணல் காலத்துக்கும் நிலைத்திருக்கும்.

குழாய்களை அறுத்தெடுத்தோம். தரையின் குறுக்குத் தகடு இன்னும் உறுதியாக இருந்த இடங்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் சின்ன ஜாக்கிகளால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஒரு ஆள் ஜாக்கி, ஒரு ஆள் கதவு இடுக்கில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். மேலே 4, கீழே 6. அப்புறம் நாலரை, ஐந்தரை. இடையிடையே அரை மணி நேரம் சும்மா இருப்போம், இரும்பு தன் இடத்தில் உட்காரட்டும் என்று. மேலும் கீழும் 5 வந்ததும் வாசலின் மூலைவிட்டங்களை நாடா வைத்து அளந்தோம். இரண்டு பக்க வாசலுக்கும் வித்தியாசம் 1 மி.மீட்டருக்குள் வந்த பிறகுதான் குழாயை மறுபடி வைத்தோம். ஒரு முழு நாள் போயிற்று. இந்தக் காரில் நான் செலவழித்த நாட்களிலேயே மிகவும் பயனுள்ள நாள் அது.

வெட்டிய பிறகு உள்ளே பார்த்ததைச் சொல்ல வேண்டும். வெளித்தகடு, அதற்குள் ஒட்டு, ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு, எல்லாவற்றுக்கும் மேல் கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. எப்போதோ ஒரு பட்டறையில் ஓட்டைக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் பட்டி அப்பி, மணல்தாள் போட்டு, நீல வண்ணம் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நேர்த்தியான வேலை. ஆனால் பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிவதற்காக ஆலையிலேயே வைத்திருந்த சின்னத் துளைகளையும் பட்டி அடைத்துவிட்டது. முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் தரைக்கு வரும், தரையில் ஒட்டியிருக்கும் சத்தம் குறைக்கும் கம்பளி அதைக் குடித்துக்கொள்ளும், மிச்சம் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து வெளியேற வழியில்லை. துருவை மறைக்கச் செய்த வேலை துருவுக்கே தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தித்தாள் உருண்டையை எடுத்தபோது நடுவில் இன்னும் ஈரம் இருந்தது. கோபம் வந்தது, மறைக்கவில்லை.

பழைய தகட்டைப் பிரிப்பதற்கு கிரைண்டர் கடைசி ஆயுதம். ஆலையில் போட்ட புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதற்கென்றே உள்ள துளைப்பானால் மேல்தகட்டை மட்டும் குடைந்து எடுத்தால் அடித்தகடு முழுதாகக் கிடைக்கும். புதுத் தகட்டில் அதே இடங்களில் துளை போட்டு, துளை வழியாகவே மிக் வெல்டிங் செய்து நிரப்பினால் பழைய புள்ளி வெல்டிங் மாதிரியே இருக்கும். இடப்பக்கப் பெட்டியில் மட்டும் நூற்றுப்பதினெட்டுப் புள்ளிகள். மேற்தகட்டுக்கு 1 மி.மீ. கனம், சப்ஃப்ரேம் பிடிக்கும் இடத்துக்கு 2 மி.மீ. மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் முழுக்கத் துத்தநாகப் ப்ரைமர். வேலை முடிந்த பிறகு துளை வழியாகக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினோம்.

சப்ஃப்ரேம் பிடிக்கும் இடத்தை எப்படிச் சரியாக வைப்பது? இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். பெரியவர் வழி எளிமையானது. என்ஜினையெல்லாம் கழற்றிய வெறும் சட்டத்தையே அளவுச் சட்டமாகப் பயன்படுத்தினார். முன்பக்கப் பிடிமானங்கள் நல்ல நிலையில் இருந்ததால் சட்டத்தை அவற்றில் போல்ட் போட்டு மாட்டினோம். பின்முனை எங்கே வந்து நிற்கிறதோ அங்கே புதுப் பிடிமானத்தைச் சட்டத்திலேயே திருகி வைத்து, தரைத்தகட்டோடு நாலே நாலு புள்ளி மட்டும் பற்றவைத்தோம். சட்டத்தைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தோம். போல்ட் விரலாலேயே கடைசி வரை ஏறியது. அதற்குப் பிறகுதான் முழு வெல்டிங், அதுவும் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி, சூட்டில் தகடு நெளியாதபடி.

கடைசியில் அவர் ஒரு சின்ன டிரில்லை எடுத்து, பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகளைத் தானே போட்டார். அதை என்னிடம் விடவில்லை.

ஒற்றைத் தலை, நாலு சிலிண்டர்

துருவில் ஒன்றரை வருடம் போனது. என்ஜின் பக்கம் திரும்பியபோது அது ஒரு விடுமுறை மாதிரி இருந்தது.

லான்சியாவின் குறுகிய கோண வி4 என்ஜின் வரிசை 1922-ல் லம்ப்தா காரில் தொடங்கி ஃபுல்வியாவோடு முடிகிறது. இதற்குப் பின் லான்சியாவில் வி4 இல்லை. வழக்கமான வி வடிவ என்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும், அவற்றை மேலிருந்து மூட வரிசைக்கு ஒன்றாக இரண்டு தலை இருக்கும். இதில் இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள கோணம் 13 டிகிரிக்கும் சற்றுக் குறைவு, அதனால் ஒரே தலை போதும். அந்தத் தலையில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகள் இரண்டு, ஒன்று நாலு உறிஞ்சு வால்வுக்கும், இன்னொன்று நாலு புகை வால்வுக்கும். இரண்டையும் செயின்தான் சுற்றுகிறது. முழு என்ஜினும் 45 டிகிரி இடப்பக்கம் சாய்ந்து, முன் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இதை வரைந்தவர் எத்தோரே ஸக்கோனே மினா. தலையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால் நாலு சிலிண்டரும் ஒரே கோட்டில் இருக்காது. இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். அன்றைக்கு சாயங்காலம் வேலை செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ஜின் பிடித்துப்போய் இருந்தது. பிளக் துளைகள் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு வாரம் விட்டோம். அதன் பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு அசைத்தால் ஒரு விரற்கடை நகர்ந்தது. பலவந்தம் செய்யாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக வைத்தோம். ஆனால் திறக்காமல் ஓடவைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டது நல்லதாயிற்று. மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு வழிகாட்டிக்குள் துருவோடு ஒட்டி, பாதி திறந்தபடி நின்றிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் பிஸ்டன் அதை மோதியிருக்கும்.

வழிகாட்டிகள் புதிது, வால்வு இருக்கைகள் தேய்த்தது, தலையின் அடிமுகம் லேத் பட்டறையில் கொஞ்சமாகச் சீவியது, செயினும் இறுக்கியும் புதிது. பேரிங்குகளை அளந்தோம், அவை நல்ல நிலையில் இருந்தன. பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினோம். கேம் தண்டு, கிராங்க் எதையும் தொடவில்லை. தொழிற்சாலை வைத்தது இன்னும் அளவுக்குள் இருந்தால் அதை மாற்றக் கூடாது என்பது என் கட்சி.

கார்புரேட்டர்கள் இரண்டு, சோலெக்ஸ் சி35, ஒவ்வொன்றுக்கும் காற்று போகும் தொண்டை இரண்டு. சிலிண்டருக்கு ஒரு தொண்டை வீதம் கணக்கு. கழற்றினால் உள்ளே பெட்ரோல் காய்ந்து அரக்கு மாதிரி ஆகியிருந்தது. சுத்தம் செய்து, புது பேக்கிங் போட்டு, மாட்டிய பிறகு இரண்டையும் சமப்படுத்த வேண்டும். இதற்குக் கருவி உண்டு. பெரியவரோ ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைத் தொண்டை வாயில் காட்டி, காற்று உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுத் திருகினார். முடித்த பிறகு என் கருவியை வைத்துப் பார்த்தேன். இரண்டு கார்புரேட்டருக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது.

2023 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பெட்ரோல் கேனிலிருந்து நேராகக் குழாய், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர். மூன்றாவது முயற்சியில் இரண்டு சிலிண்டர் பிடித்தது, அப்புறம் மூன்று, அப்புறம் நாலும். தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளியைச் சரி செய்ததும் ஓட்டம் நிலைப்பட்டது. நேர்வரிசை என்ஜினின் சீரான இரைச்சல் இதில் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, தொண்டை கட்டிய பாடகர் போல. நான் அழுதேன். சொல்வதில் தயக்கமில்லை.

பிரேக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிபர் நாலும் துருவில் இறுகிப் போயிருந்தன. நாலையும் பிரித்து, பிஸ்டனும் சீலும் மாற்றி, குழாய் முழுவதும் புதிதாகப் போட்டோம்.

பாகங்களும் காகிதமும்

ரப்பர், சீல், பிரேக் சாமான் போன்றவை ஃபுல்வியாவுக்கு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்த வகையில் இது அதிர்ஷ்டக் கார். கிடைக்காதவை சின்னச் சின்ன அலங்காரங்கள்தான். முன் இண்டிகேட்டர் கண்ணாடி ஒன்று, கதவின் உள்கைப்பிடி ஒன்று, டேஷ்போர்டின் மரப்பலகையில் ஒரு மூடி. மிலான் பக்கம் நொவேக்ரோவில் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தையில் இரண்டு காலைப்பொழுது அலைந்து கண்ணாடியும் கைப்பிடியும் பிடித்தேன். மூடி கிடைக்கவில்லை, பெரியவரின் நண்பர் ஒருவர் வால்நட் மரத்தில் கடைந்து கொடுத்தார்.

அந்தச் சந்தையில் ஒரு மேசையில் என் காரின் அதே வருடத்து 1.3 எஸ் ஒன்று துண்டு துண்டாக விற்பனைக்குக் கிடந்தது. கதவு, இருக்கை, கியர்பெட்டி, சேஸி எண் தகடுகூட. எனக்குத் தேவையான கைப்பிடி அதில்தான் இருந்தது. வாங்கினேன். ஒரு காரைக் காப்பாற்ற இன்னொன்றின் எலும்பை எடுக்கிறோம் என்பது கையில் அந்தக் குரோம் கைப்பிடி குளிர்ந்தபோது நன்றாகவே உறைத்தது.

காகிதம் சுலபமாக முடிந்ததற்குக் காரணம், கார் பொது வாகனப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாமல் இருந்ததுதான். நீக்கப்பட்டிருந்தால் கறுப்பு எண்பலகையைக் காப்பாற்றுவது பெரிய பாடாகியிருக்கும். 1966-லிருந்து இயங்கும் பழைய வாகனக் கூட்டமைப்பான ஏஎஸ்ஐயிடம் வரலாற்று முக்கியத்துவச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். டிக்கியின் உள்பக்கத்துக்கு நாங்கள் வண்ணமே அடிக்கவில்லை. 1971-ல் ஆலையில் அடித்த நீலம் அங்கே மட்டும் மிச்சமிருக்கிறது, கீறலோடும் மங்கலோடும். வெளியே அடித்த புது நீலத்தை அந்தப் பழைய நீலத்தைப் பார்த்துத்தான் கலந்தோம். கீறலை மறைக்கச் சொல்லி இரண்டு பேர் அறிவுரை சொன்னார்கள். அது அப்படியேதான் இருக்கும்.

கிவாஸ்ஸோ வரை

2024 மே மாதம் வாகனச் சோதனை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போ ஆற்றை ஒட்டிய சாலையில் கிவாஸ்ஸோவுக்குப் போனோம். முதல் இருபது கிலோமீட்டர் நான் 60-ஐத் தாண்டவில்லை. ஸ்டீயரிங் நின்ற இடத்தில் கனம், ஓடும்போது லேசு. மூக்கில் எடை அதிகம் என்பதால் வளைவில் கொஞ்சம் வெளியே தள்ளும், காலை எடுத்தால் உள்ளே திரும்பும். மலைச்சாலைகளில் இதை வைத்துத்தான் முனாரி போன்றவர்கள் விளையாடியிருக்கிறார்கள் என்பது ஒரு வளைவிலேயே புரிந்தது. 4,000 சுற்றுக்கு மேல் கரகரப்பு போய்விடுகிறது. நாலாவது கியரில் ஒரு மேட்டில் பெரியவர் கையால் முன்னே தள்ளுவது போல சைகை காட்டினார். இன்னும் அழுத்து என்று அர்த்தம். அழுத்தினேன்.

1990-களின் தொடக்கத்தில் லான்சியா கிவாஸ்ஸோவை விட்டுப் போய்விட்டது. பழைய ஆலைக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். சைக்கிளில் போன ஒரு வயதானவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, முன்பக்கம் குனிந்து விளக்கைப் பார்த்தார். ஃபனலோனே இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். "எங்கள் அக்காவிடம் இதேதான் இருந்தது, இதே நீலம்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, மரப்பலகையைத் தொடலாமா என்று கேட்டுத் தொட்டார். வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் நான் காபி போடப் போனேன். பெரியவர் சட்டையைக் கழற்றி, பட்டறை அங்கியை மாட்டிக்கொண்டு, காரை ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னார். முதல் நாள் நொறுங்கிய அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் ஜாக்கி வைத்தேன். கார் எழும்பியது. சப்ஃப்ரேம் போல்ட்டுகளை இறுக்கிய நாளில் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் வண்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தோம். போல்ட் அசைந்திருந்தால் கோடு முறியும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடப்பக்கம் நேராக இருந்தது. ஒன்பது நாள் படுத்திய வலப்பக்கமும் நேராக இருந்தது.

"இன்னொரு முந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும், மறுபடி பார்க்கலாம்" என்றார். காபி ஆறிப் போயிருந்தது. அடுத்து பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் தொங்கு பிடிமானம். வலப்பக்கம் தட்டினால் இப்போதுதான் லேசாகத் தப் என்கிறது. சாக்பீஸ் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.